அக்கரை மணலும் கரையும் பங்கும்

தனுஷ்கோடிக்கு நேர் எதிரே, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் தலைமன்னார். ராமேஸ்வரம், பாம்பன் மீனவர்களுக்கு அந்தக் கரையும் அதைச் சுற்றியுள்ள கடலும் வேறு காரணங்களால் பழகியவை. அந்த மன்னார் தீவின் மணலில் இல்மனைட் (டைட்டானியம் எடுக்கும் கரு மணல் கனிமம்) எவ்வளவு இருக்கிறது என்று துளை போட்டுப் பார்த்துவரும் கம்பெனியின் பெயர் டைட்டானியம் சாண்ட்ஸ். அதன் பங்கு கைமாறுவது கொழும்பில் அல்ல, ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில். மண் இலங்கையில், பங்கு ஆஸ்திரேலியாவில், அந்த மணல் மேல் குடியிருப்பவர்களோ தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள். ஒரு நாட்டில் பணம் திரட்டி இன்னொரு நாட்டு மண்ணைத் தோண்டிப் பார்க்கும் இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளைத்தான் ‘ஜூனியர்’ என்கிறார்கள்.

ஜூனியர் என்றால் சின்னதாக ஒரு சுரங்கம் வைத்திருக்கிற கம்பெனி என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவற்றிடம் சுரங்கமே கிடையாது. இருப்பது ஒரு நிலப்பரப்பில் தேடிப் பார்க்க அரசு கொடுத்த லைசென்ஸ், நாலைந்து நிலவியலாளர்கள், வங்கியில் கொஞ்சம் பணம். விற்க எதுவும் இல்லாததால் வருமானமும் இல்லை. துளை போடுவது, சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்புவது, இயக்குநர்களின் சம்பளம், ஆபீஸ் வாடகை என்று எல்லாவற்றுக்கும் புதுப் பங்கு விற்றுத்தான் பணம் வர வேண்டும். கனடாவின் டி.எஸ்.எக்ஸ். வென்ச்சர், ஆஸ்திரேலியச் சந்தை, லண்டனின் எய்ம் ஆகிய மூன்று பங்குச் சந்தைகளும்தான் இவர்களுடைய தாய்வீடு. தேடுகிற இடமோ மாலி, கானா, பெரு, ஈக்வடார், இந்தோனேசியா என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். பெரிய சுரங்கக் கம்பெனிகள் நிச்சயமில்லாத இந்தத் தேடும் வேலையைப் பெரும்பாலும் ஜூனியர்களிடம் விட்டுவிடுகின்றன. எங்காவது சரக்கு கிடைத்தது என்று தெரிந்தால் விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. அப்படி வாங்கப்படுவதுதான் பல ஜூனியர்களின் லட்சியமே.

இதில் பணம் போடுகிறவர் ஒரே சமயத்தில் மூன்று பந்தயம் கட்டுகிறார். மண்ணுக்குள் சரக்கு இருக்க வேண்டும். இருந்தால், அந்த நாட்டு அரசும் அங்கே வாழும் ஜனங்களும் எடுக்க விட வேண்டும். எடுக்கிற நாள் வரை, புதுப் பங்குகள் சேரச் சேர நம் கையில் உள்ள பங்கு கரையாமல் இருக்க வேண்டும். முதல் பந்தயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் பேர். மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் துபாயிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சம்பாதிக்கிறவர்கள் இல்லாத தெரு குறைவு. அங்கே இருந்துகொண்டு வெளிநாட்டு புரோக்கரிடம் கணக்குத் திறப்பது பெரிய காரியமில்லை. அப்புறம் தம்பி முறையுள்ள ஒருவர் “காக்கா, ஆஸ்திரேலியாவுல ஒரு பங்கு இருக்கு, ரெண்டே சென்ட்தான்” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அந்த ‘ரெண்டே சென்ட்’டில்தான் ஆள் மயங்குகிறார். பங்கின் விலை குறைவு என்பதால் கம்பெனி மலிவாகிவிடாது. மொத்தம் எத்தனை கோடிப் பங்கு என்று பெருக்கிப் பார்த்தால்தான் கம்பெனிக்குச் சந்தை என்ன விலை வைத்திருக்கிறது என்று தெரியும். 2 சென்ட் பங்கு 300 கோடி இருந்தால் அது 6 கோடி டாலர் கம்பெனி. (ஆப்பிரிக்காவில் தங்கச் சுரங்கம் இருக்கிறது, நேரடியாகப் பணம் கட்டினால் மாதாமாதம் லாபம் தருகிறோம் என்று வருகிறவர்களை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எந்தச் சந்தையிலும் பதிவாகாத அதற்கு வேறு பெயர் இருக்கிறது.)

இந்தக் கடலுக்கு இந்த வியாபாரம் புதிதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புக்கு முன்னால் அதிகாரிகள் பார்களுக்கு (கடலடியில் சிப்பி வளரும் படுகைகளுக்கு) போய்ச் சிப்பி வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில ஆயிரம் சிப்பியைச் சாம்பிளாக எடுத்து, அழுக வைத்துக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளிடம் காட்டி, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று மதிப்புப் போடுவார்கள். அதை நம்பித்தான் ஊர் ஊராக வியாபாரிகள் ஏலத்துக்கு வந்தார்கள், கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் குளியாட்கள் வள்ளம் ஏறினார்கள். இன்றைக்கு ஜூனியர்கள் துளை போட்டு ‘டன்னுக்கு இத்தனை கிராம்’ என்று அறிவிப்பதும் இதே வேலைதான்.

1905-இல் இலங்கைப் பக்கத்து மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் (முத்துக்குளிப்பில்) 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு அப்படி ஒரு வருமானம். அடுத்த ஆண்டே லண்டனில் பங்கு திரட்டிய ஒரு கம்பெனி, சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ், அந்தப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1906-லும் 1907-லும் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு பார்களில் எடுக்கிற அளவுக்குச் சிப்பி இல்லை, குத்தகையோ வருடா வருடம் கட்டியாக வேண்டும். சில ஆண்டுகளில் கம்பெனி மூடப்பட்டது. யாரும் ஏமாற்றவில்லை, சாம்பிளும் பொய் இல்லை. உச்சத்தில் இருந்த ஒரு ஆண்டைப் பார்த்து இருபது ஆண்டுக்குக் கணக்குப் போட்டதுதான் வினை. இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வழக்கப்படி குளியாளின் கூலி அவன் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, அன்றன்றைக்கே கையில். லண்டன் பங்குதாரருக்கு அந்த வசதி இல்லை.

சாம்பிளே பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரீ-எக்ஸ் கதை. கனடாவைச் சேர்ந்த அந்த ஜூனியர் 1993-இல் இந்தோனேசியாவின் போர்னியோக் காட்டில் புசாங் என்ற இடத்தை வாங்கியது. துளைக்கு மேல் துளை, அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு, ஒவ்வொன்றிலும் தங்கத்தின் அளவு கூடிக்கொண்டே போனது. சில்லறைக் காசுக்கு விற்ற பங்கால் கம்பெனியின் சந்தை மதிப்பு 600 கோடி கனடா டாலர் வரை ஏறியது. வழக்கமாகத் துளையிலிருந்து வரும் பாறைத் தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறு பாதியைப் பின்னால் சரிபார்க்கப் பெட்டியில் வைப்பார்கள். புசாங்கில் தண்டை முழுசாக நொறுக்கி அனுப்பிவிட்டார்கள். யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட மறு பாதி இல்லை. நொறுக்கிய தூளில் ஆற்றிலிருந்து சலித்த தங்கத் துகளைக் கலந்திருக்கிறார்கள். ஆற்றில் உருண்ட தங்கத்தின் ஓரம் மழுங்கி இருக்கும், பாறைக்குள் இருப்பது அப்படி இருக்காது. கடைசியில் வண்டவாளம் வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு தடயம்.

1997 மார்ச்சில் கூட்டுச் சேர வந்த ஃப்ரீபோர்ட் கம்பெனி தானே துளை போட்டுப் பார்த்தது. சொல்லும்படி தங்கம் இல்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான் பிரீ-எக்ஸின் தள நிலவியலாளர் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்துபோனார். மே மாதம் தனி ஆய்வாளர்களின் அறிக்கையும் வந்தது, பங்கு காகிதமானது. பணத்தை விட்டவர்களில் சாதாரண ஜனங்கள் மட்டுமல்ல, கனடாவின் பெரிய ஓய்வூதிய நிதிகளும் உண்டு. ஆக, பெரிய ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள் என்பதை ஒரு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதன் பிறகுதான் கனடா 2001-இல் 43-101 என்ற விதியைக் கொண்டுவந்தது. தகுதியுள்ள நிபுணர் ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பேற்காமல் கனிம அளவு எதையும் அறிவிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதித்தொகுப்பு அதற்கும் முந்தியது, 1989. இந்த விதிகளால் பச்சைப் பொய் குறைந்தது. உண்மையைச் சாமர்த்தியமாகச் சொல்வதை எந்த விதியாலும் நிறுத்த முடியவில்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ‘12 மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 8 கிராம் தங்கம்’ என்று அறிவிப்பு வருகிறது. அமர்க்களமான எண். கீழே சின்ன எழுத்தில் ‘இதில் 1 மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 85 கிராம்’ என்று இருக்கும். இப்போது கணக்கைப் பிரியுங்கள். 12-ஐ 8-ஆல் பெருக்கினால் 96. அதில் 85-ஐ அந்த ஒரே மீட்டர் கொண்டுபோய்விட்டது. மிச்சம் 11 மீட்டருக்கு 11, அதாவது அங்கே டன்னுக்கு ஒரே ஒரு கிராம். 12 மீட்டர் அகலத் தங்கப் பாறை என்று வாசகர் நினைத்தது உண்மையில் ஒரு மீட்டர் நரம்பு. தலைப்பில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கனிம அளவை மூன்று படியாகச் சொல்வார்கள்: இன்ஃபர்டு, இண்டிகேட்டட், மெஷர்டு. முதல் படி கிட்டத்தட்ட ஊகம், கடைசிப் படி நெருக்கமாகத் துளை போட்டு அளந்தது. லாபத்தோடு எடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே ‘ரிசர்வ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். ‘இத்தனை கோடி டன் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எந்தப் படியில் என்று கேட்டால் போதும், பேச்சு பாதி குறைந்துவிடும்.

சரி, தங்கம் உண்மையாகவே இருக்கிறது, கம்பெனியும் நாணயமானது. அப்போதும் இரண்டாவது பந்தயம் பாக்கி. ஈக்வடாரில் அவுரேலியன் என்ற கனடா ஜூனியர் 2006-இல் ஃப்ரூட்டா டெல் நோர்ட்டே என்ற தங்கப் படிவைக் கண்டுபிடித்தது. இந்த நூற்றாண்டில் கிடைத்த நல்ல படிவுகளில் ஒன்று. 2008 ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் நிர்ணய சபை புதுச் சட்டம் வரும்வரை சுரங்கத் தேடலையே நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு கின்ராஸ் என்ற பெரிய கம்பெனி சுமார் 120 கோடி கனடா டாலருக்கு அவுரேலியனை வாங்கியது. அரசு கேட்டது எதிர்பாராத லாபத்தில் 70 சதவீத வரி. பேசிப் பேசிப் பார்த்துவிட்டு 2013-இல் கின்ராஸ் கைவிட்டது. அடுத்த ஆண்டு லுண்டின் குடும்பத்தின் கம்பெனி ஒன்றுக்கு 24 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றது. அவர்கள் அரசோடு உடன்படிக்கை போட்டு, சுரங்கம் கட்டி, 2019 நவம்பரில் முதல் தங்கத்தை வார்த்தார்கள். இன்றைக்கு அது நன்றாக ஓடும் சுரங்கம். தங்கம் அங்கேதான் இருந்தது, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. யார் எந்த வருடம் பங்கு வைத்திருந்தார்கள் என்பதுதான் லாபத்தையும் நஷ்டத்தையும் பிரித்தது.

நாடு லைசென்ஸைப் பறித்தால் சர்வதேச நடுவர் மன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வெனிசுவேலாவில் லாஸ் கிறிஸ்டினாஸ் தங்கப் படிவை இழந்த கிறிஸ்டலெக்ஸ் என்ற கனடாக் கம்பெனி 2016-இல் வழக்கில் ஜெயித்தது, தீர்ப்புத் தொகை நூறு கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்தை வசூலிக்கும் வழக்கு அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் இழுத்தது. அதற்குள் கம்பெனியே திவால் நடைமுறையில் இருந்தது, வழக்குச் செலவுக்குக் கடன் கொடுத்தவர்கள் முன் வரிசையில் நின்றார்கள். பங்குதாரருக்கு எப்போதும் கடைசி வரிசை.

மன்னாருக்கு வருவோம். இலங்கையில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம்தான் தேடும் லைசென்ஸும் கொடுக்கிறது, சுரங்க லைசென்ஸும் கொடுக்கிறது. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. மணல் பக்கத்தில் சிக்கல் பெரிதாக இல்லை. பாறையை உடைக்க வேண்டாம், ஆழம் போக வேண்டாம், கனமான கரு மணலைப் பிரித்தெடுத்தால் போதும். புல்மோட்டையில் அரசுக் கம்பெனி பல காலமாகச் செய்துவரும் வேலைதான். ஆனால் மன்னார் ஒரு தாழ்வான தீவு. நிலத்தடியில் நல்ல தண்ணீர் கொஞ்ச ஆழத்திலேயே மிதக்கிறது. மணலைக் கிளறினால் கிணற்றில் உப்பு ஏறும், கடல் உள்ளே வரும் என்பது தீவு ஜனங்களின் பயம். மீனவர் சங்கங்களும் தேவாலயத்தைச் சார்ந்தவர்களும் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். 2025-இல் காற்றாலைக்கு எதிராக அங்கே போராட்டம் வெடித்தபோதும் கனிம மணல் எதிர்ப்பு சேர்ந்தே ஒலித்தது. இதை ஆஸ்திரேலிய முதலீட்டாளர் ‘சமூக ஒப்புதல் இடர்’ என்று அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு வரியாகப் படிப்பார். ராமநாதபுரத்துக்காரருக்கு அந்தக் கிணறும் அந்தப் பயமும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பங்கை வாங்கச் சொல்லி நம் ஊர் ஆளிடம் யாராவது வந்தால், ஆய்வறிக்கை எழுதியவரைவிட இவருக்கே விஷயம் அதிகம் தெரியும்.

இனி மூன்றாவது பந்தயம். ஒரு கற்பனைக் கம்பெனி. மொத்தம் 10 கோடிப் பங்கு, ஒன்று 10 சென்ட், ஆக கம்பெனியின் மதிப்பு 1 கோடி டாலர். நீங்கள் 10,000 டாலர் போட்டு 1 லட்சம் பங்கு வாங்குகிறீர்கள். கம்பெனிக்கு வருடத்துக்கு 20 லட்சம் டாலர் செலவு. முதல் வருடம் 8 சென்ட் விலையில் புதுப் பங்கு விற்கிறார்கள், 2.5 கோடிப் பங்கு கூடுகிறது. அடுத்த வருடம் சந்தை மந்தம், 5 சென்ட்தான், 4 கோடி கூடுகிறது. மூன்றாம் வருடம் 4 சென்ட், 5 கோடி. இப்போது மொத்தம் 21.5 கோடிப் பங்கு. அதிர்ஷ்டம் அடித்து, நல்ல துளை ஒன்று விழுந்து, கம்பெனியின் மதிப்பு மூன்று மடங்காகி 3 கோடி டாலர் ஆகிறது. பங்கு விலை? 30 சென்ட் அல்ல, 14 சென்ட்கூட முழுசாக இல்லை. கம்பெனி மூன்று மடங்கு, நீங்கள் நாற்பது சதவீதம். அதிர்ஷ்டம் அடிக்காவிட்டால் என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை.

இதோடு வாரன்ட் என்று ஒன்று உண்டு. புதுப் பங்கு வாங்குகிறவர்களை இழுக்க, இரண்டு பங்குக்கு ஒரு வாரன்ட் இலவசமாகத் தருவார்கள். பின்னால் குறித்த விலையில் இன்னொரு பங்கு வாங்கும் உரிமை அது. மேலே சொன்ன கணக்கில் 10 சென்ட் விலையில் 5.75 கோடி வாரன்ட் பாக்கி இருந்தால், விலை ஏறியதும் எல்லோரும் அதைப் பங்காக மாற்றுவார்கள். அவர்கள் கட்டும் காசைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் உங்கள் பங்கு 13 சென்ட் பக்கம் இறங்கும். கனடாவில் இப்படிக் கம்பெனியிடமே நேரடியாகப் பங்கு வாங்கியவர்கள் பொதுவாக நாலு மாதம் விற்க முடியாது. நாலு மாதம் முடிகிற வாரத்தில் பலர் பங்கை விற்றுவிட்டு இலவச வாரன்ட்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அந்த வாரத்தில் வாங்குவது யார் என்றால், வாய்ஸ் மெசேஜ் கேட்டு வந்தவர்.

புதுப் பங்கு விற்பனை எப்போது வரும் என்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தேடும் கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் அப்பெண்டிக்ஸ் 5பி என்ற பணக்கணக்கைச் சந்தையில் போட வேண்டும். சில பக்கம்தான், இலவசம். அதன் எட்டாம் பகுதியில், கையில் உள்ள பணம் இன்னும் எத்தனை காலாண்டுக்குத் தாங்கும் என்று கம்பெனியே எழுதியிருக்கும். இரண்டுக்குக் கீழே என்றால் எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்றும் விளக்க வேண்டும். அந்த எண் 1.5 என்று இருக்கிறபோது கூடவே துள்ளலான துளை அறிவிப்பு வந்தால், அடுத்து பங்கு விற்பனை வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே படிவத்தில் தேடலுக்கு எவ்வளவு, ஆபீஸுக்கும் சம்பளத்துக்கும் எவ்வளவு என்று பிரித்திருக்கும். மண்ணுக்குள் போவதைவிட ஆபீஸுக்குள் போவது அதிகமாக இருக்கிற கம்பெனியை நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

வெளிநாட்டுச் சந்தைக்கே போகாமல் வெளிநாட்டு மண்ணைத் தொட ஒரு வழி உண்டு: மும்பைச் சந்தையில் உள்ள டெக்கான் கோல்டு மைன்ஸ் ஆந்திராவின் ஜொன்னகிரியோடு கிர்கிஸ்தானிலும் தங்கத் திட்டம் வைத்திருக்கிறது. அரசுத் தரப்பில் 2019-இல் தொடங்கிய கபில் நிறுவனம் 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாகாணத்தில் ஐந்து லித்தியத் தொகுதிகளைத் தேட ஒப்பந்தம் போட்டது. அது அரசுக் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கியது, கபிலின் பங்கு சந்தையில் கிடையாது.

சட்டப் பக்கம் இரண்டு விதமான ஆட்களுக்கு இரண்டு விதம். ஊரிலேயே இருப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பிப் பட்டியலிட்ட வெளிநாட்டுப் பங்கு வாங்கலாம். கடன் வாங்கி மார்ஜினில் விளையாட அனுமதி இல்லை. 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை காசு முடங்கும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே வாங்கியவருக்கு இந்த வரம்பு இல்லை. பயணத்தை முடித்து ஊரோடு வந்துவிட்டாலும் அந்தப் பங்கை அங்கேயே வைத்துக்கொள்ள ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு இடம் தருகிறது. பலர் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். வரிச் சட்டப்படி முழு உள்நாட்டுவாசி ஆகிவிட்டால் கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அந்தப் பங்கைக் காட்டியாக வேண்டும், விலை பாதாளத்தில் இருந்தாலும் சரி. மறைத்தால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து நீங்கலாக வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதம் கிடையாது.

கீழக்கரைப் பக்கம் இன்னொரு கேள்வியும் வரும்: இது ஹலாலா? ஜூனியர்களுக்குக் கடன் பொதுவாகக் குறைவு, ஏனென்றால் வங்கிகள் கொடுப்பதில்லை. அதனால் கடன் அளவு என்கிற சல்லடையில் சுலபமாகத் தேறிவிடும். ஆனால் புதிதாகப் பங்கு விற்ற ஜூனியரின் சொத்தில் பெரும்பகுதி ரொக்கமாகவே கிடக்கும். அப்படிப்பட்ட பங்கைக் கைமாற்றுவதற்கு ஷரீஆ நிபுணர்கள் தனி விதி வைத்திருக்கிறார்கள். இருப்புநிலைக் குறிப்போடு ஆலிமிடம் போய்க் கேட்பது நல்லது. கம்பெனி பெயரை மட்டும் சொன்னால் அவருக்கும் பதில் சொல்ல வழியில்லை.

விற்கும் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். ஆஸ்திரேலியச் சந்தையில் 10 சென்ட்டுக்குக் கீழே உள்ள பங்கின் விலை குறைந்தது 0.1 சென்ட் படியாகத்தான் நகரும். வாங்குகிறவர் விலை 0.4, விற்கிறவர் விலை 0.5 என்று நிற்கும் பங்கில் நடுவே வேறு விலை கிடையாது. 0.5-க்கு வாங்கி அடுத்த நிமிடமே விற்க நினைத்தால் 0.4-தான் கிடைக்கும். கம்பெனியில் எதுவுமே நடக்காமல் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 0.5-க்கே விற்கலாம் என்று காத்திருந்தால் அந்த விலையில் ஏற்கெனவே கோடிக்கணக்கான பங்குகள் வரிசையில் நிற்கும், நம்முடையது அதற்குப் பின்னால். சில பங்குகளில் அந்த வரிசை மாதக்கணக்கில் நகராது.